மலைக்கு வரும் இருப்புப்பாதையும் மக்கள் வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசத் தகுதி வாய்ந்த புலவர் பெருமக்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். யாமோ பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, கோப்புகளுக்கு எண்ணிட்டுக் காலங் கழித்து வருகின்றோம். இலக்கியம் பேசும்படி எம்மைப் பணித்திருந்தால் மறுத்திருப்போம். செயலாளர் அவர்கள் எம் தொழிலை அறிந்து, அதற்கேற்ற பொருளையே தந்துவிட்டார். இரயில் போன்ற பொதுப் போக்குவரத்துத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்கி வைக்கலாமா என்பதே அப்பொருள். இங்கு யாம் கூறுவன எம் சொந்தக் கருத்துகளே. எமக்குச் சம்பளம் தரும் அலுவலகத்தின் தலையில் எவரும் அவற்றைச் சுமத்திவிட வேண்டா.

கம்பம்மெட்டில் நின்றுகொண்டு இரயிலைப் பற்றிப் பேசுவதே சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். இடுக்கி மாவட்டத்தில் இன்று இரயில் ஓடவில்லை. ஆயினும் இம்மலை ஒரு காலத்தில் இரயிலைக் கண்டதுதான். மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஓடிற்று. 1908இல் அதனை மாற்றிக் குறுகிய பாதை அமைத்து, நீராவி எஞ்சினையும் விட்டனர். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கயிற்று வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர்ப் போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. அதன்பின் எவரும் அதனை மீண்டும் போடவில்லை. மலையாள நண்பர்கள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று ஆண்டுக் கணக்கு வைத்துச் சொல்வது அந்த வெள்ளத்தைத்தான். இம்மலையில் போட்ட முதல் இருப்புப்பாதை பதினாறு ஆண்டுகளில் மழைக்கு இரையாயிற்று என்பதை மட்டும் அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். பெருந்திட்டங்களைத் தொடங்குமுன் அவற்றால் நீர், நிலம், காற்று, மக்கள் ஆகியவற்றுக்கு நேரும் விளைவை ஆராய்ந்து அனுமதி பெறல் வேண்டும் என்று இந்திய அரசு 1994 ஜனவரியில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு மாற்றாக 2006 செப்டம்பர் 14ஆம் நாள் விரிவான அறிவிக்கை ஒன்று வந்தது. எவ்வெத்திட்டங்களுக்கு இவ்வனுமதி வேண்டும் என்பதற்கு அதன் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு. அணை அதில் இருக்கிறது; சுரங்கம் இருக்கிறது; துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை எல்லாம் இருக்கின்றன. இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடமும் இருக்கிறது. இருப்புப்பாதை மட்டும் இல்லை. 1994ஆம் ஆண்டு அட்டவணையிலும் அஃது இல்லை. ஆகவே, 'விலக்கு அளிக்கலாமா?' என்ற வினா நம் நாட்டைப் பொறுத்தவரை காலங்கடந்த வினா. விலக்கு முன்னமே அளிக்கப்பட்டுவிட்டது. தொடுபுழையில் ஒரு பெரிய வணிக மாளிகை கட்டுவோர் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். மலையைக் குடைந்து தண்டவாளம் போடுவோர் நிற்க வேண்டுவதில்லை.

இதற்குக் காரணமே இல்லை என்று யாம் கூறமாட்டோம். ஒரு வண்டியில் ஆயிரம் பேர் போகலாம். அத்தனை பேரும் பேருந்திலும் காரிலும் ஜீப்பிலும் போனால் எவ்வளவு எண்ணெய் எரியும், எவ்வளவு புகை எழும் என்று சொல்ல வேண்டுவதில்லை. இத்தகைய நன்மையை ஆய்வு என்ற பெயரால் பல ஆண்டு காக்க வைப்பது சுற்றுச்சூழலுக்கே தீங்கன்றோ என்று கேட்பர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வாறுதான் கேட்டார்கள். அங்கே 1970இல் வந்த ஆய்வுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குத் தனித் தடம் போடுவதையும் மிதிவண்டிப் பாதை போடுவதையுங்கூட வழக்காடித் தடுத்தனர். ஆகவே 2020இல் ஒரு விலக்குச் சட்டம் இயற்றி, 2022இல் அதன் காலத்தையும் நீட்டித்தனர். ஆனால் நம்மவர் அதனை மேற்கோள் காட்டும்போது பாதியை விழுங்கிவிடுகின்றனர். அவ்விலக்கு நகரத்தினுள், முன்னமே பொதுப் பாதையாக உள்ள இடத்தில் நடைபெறும் வேலைகளைக் கருதியது. பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட திட்டமாயின் பொதுக்கூட்டங்கள் கூட்டி மக்களைக் கேட்டாக வேண்டும் என்றும் விதித்தது. ஆய்வைக் குறைத்தார்களே அன்றி, மக்கள் வாயை அடைக்கவில்லை. இங்கோ இரண்டும் ஒன்றாகப் போயின.

அடுத்து, காலதாமதம் என்ற வாதம். இதைப் பற்றிப் பேச எமக்குச் சிறிது உரிமை உண்டு. மதுரை–போடி இருப்புப்பாதையை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர் நீளம். 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டனர். போர் முடிந்து பல ஆண்டு சென்ற பின்னரே மீண்டும் போட்டனர். அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியோடு வண்டிகளை நிறுத்தினர். தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதத்தில்; போடிக்கு வந்தது 2023 ஜூன் 15ஆம் நாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நிறுத்தும்போது முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வண்டி மீண்டும் போடிக்கு வருவதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. இத்தனைக்கும் அங்கே சுற்றுச்சூழல் அனுமதி என்ற பேச்சே எழவில்லை; பழைய பாதையையே அகலப்படுத்தினர். பின் எதனால் தாமதம்? நிதியால். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் சிறுகச் சிறுகப் பணம் வந்தது. வேலையும் சிறுகச் சிறுகவே நடந்தது.

நம் மாவட்டத்தைத் தொட்டுச் செல்ல வேண்டிய அங்கமாலி–சபரிமலைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1997–98ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் பெற்றது. 111 கிலோமீட்டரில் அங்கமாலியிலிருந்து காலடி வரை ஏழு கிலோமீட்டர் அளவே போடப்பட்டது. மூவாற்றுப்புழையும் தொடுபுழையும் இன்றும் காத்திருக்கின்றன. நிலம் எடுப்பதிலும் செலவைப் பங்கிடுவதிலும் எழுந்த தகராறுகளே அதனை முடக்கின. கோப்புகளோடு பழகியவர் என்ற முறையில் கூறுகின்றோம்: தாமதத்தின் பழியைத் தூக்கிப் போட ஓர் இடம் வேண்டும், ஆய்வு என்பது அதற்கு வாய்ப்பான இடம், ஏனெனில் அதற்கு வாய் இல்லை.

முன்னே ஆராயாமல் விட்டதற்குப் பின்னே எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்துள்ள அன்பர்கள் நன்கறிவர். போத்தனூரிலிருந்து பாலக்காடு செல்லும் இரு பாதைகளும் வாளையாற்றுக் காட்டினுள் போகின்றன. யானைகளின் வழி தண்டவாளத்திற்குக் குறுக்கே செல்கிறது. யானை தன் வழியை மாற்றிக்கொள்வதில்லை. 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவில், நவக்கரை அருகே மங்களூர்–சென்னை விரைவு வண்டியில் அடிபட்டு மூன்று யானைகள் மடிந்தன. அதற்கு முன்னும் பல மடிந்தன. பின்னரே நீதிமன்றம் தலையிட்டது. தண்டவாளத்தின் கீழே யானை செல்ல வழிகள் அமைத்தனர். 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் இரவு பகலாகப் பார்த்து எச்சரிக்கும் கேமராக்களையும் வைத்தனர். மிகவும் பாராட்டத்தக்க பணி. அதன் பயனும் தெரிகிறது. ஆனால் வண்டி ஓடும் பாதையின் கீழே துளை போடுவது எத்தகைய வேலை என்பதை இரயில்வேயில் உள்ளோர் அறிவர். வேகத்தைக் குறைக்க வேண்டும், நேரம் ஒதுக்கிப் போக்குவரத்தை நிறுத்த வேண்டும், தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மண்ணைக் கொட்டி மேடு கட்டும்போதே அந்த வழியை விட்டிருந்தால் அஃது ஒரு சிறு பாலத்தின் செலவு.

யானை இருக்கட்டும், மழைக்கு வருவோம். கொங்கண் இருப்புப்பாதை 1998இல் முழுதாகத் திறக்கப்பட்டபோது நாடே வியந்தது; வியந்தது தகும். ஆயினும் 2003 ஜூன் 22ஆம் நாள், வைபவவாடி அருகே மலையை வெட்டிய இடத்தில் பாறைகள் சரிந்து பாதையில் விழுந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்றும் அங்கே மழைக்காலத்திற்கென்று தனிக் கால அட்டவணை உண்டு. அம்மாதங்களில் வண்டிகள் மெதுவாகவே செல்லும். கருங்கல்லும் சிவப்பு மண்ணும் கலந்த மலையை நேராக வெட்டினால் அது மழைக்கு நிற்காது என்பது அப்பகுதியினருக்குப் பழைய செய்தி. அச்செய்தியை ஏட்டில் ஏற்றும் இடம் ஒன்று வேண்டுமன்றோ?

நம் கண்ணெதிரே உள்ள சான்று மூணாறு–போடிமெட்டுச் சாலை. தேசிய நெடுஞ்சாலைகள் அட்டவணையில் உள்ளவைதாம். ஆனால் ஏற்கெனவே உள்ள சாலையை அகலப்படுத்துவதாயின், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டால்தான் அனுமதி வேண்டும். இதுவோ நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டில் பாறையை வெடிவைத்துத் தகர்த்து வேலை நடந்த இடத்தில் 2019இலும் 2020இலும் மலை சரிந்தது. கீழே இருந்த ஏலத் தோட்டங்களில் கல்லும் மண்ணும் போய் நிறைந்தன. சாலை இப்போது அழகாகத்தான் இருக்கிறது. அதில் பயணஞ் செய்வது இன்பமே. மண் மூடிய நிலத்திற்கு உடையவரிடம் அவ்வின்பத்தைப் பற்றி யாம் பேசத் துணியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். இருப்புப்பாதைக்கு ஆய்வே இல்லை என்பது சரியன்று. காட்டு நிலத்தின் வழியே போனால் 1980ஆம் ஆண்டு வனச் சட்டப்படி இசைவு வேண்டும். சரணாலயமாயின் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பர். உண்மையே. கோவா எல்லையில் தினைகாட்–காசல்ராக்–குலேம் இரட்டைப் பாதைக்கு வாரியம் அளித்த ஒப்புதலை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் நீக்கியது. ஆனால் அன்பர்களே, அந்தச் சட்டங்கள் கேட்பவை எவை? எத்தனை மரம் வெட்டப்படும், எந்த விலங்கு அங்கே திரியும் என்பனவே. மரத்திற்காகக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி உண்டு. புலிக்காகப் பேச ஒரு வாரியம் உண்டு. பாதைக்குக் கீழே லயத்தில் குடியிருப்பவனுக்காகப் பேச எவர் உளர்? நிலம் எடுக்கும்போது அறிவிப்பு வருமே என்றால், பட்டா உள்ளவர் பெயருக்கன்றோ வரும்? லயத்தில் வாழ்பவன் பெயரில் ஓரடி மண்ணும் இல்லை.

2006ஆம் ஆண்டு அறிவிக்கையில்தான் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது அதன் பெயர். முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை அவ்வட்டார மொழியில் தர வேண்டும். பேசியவற்றைக் குறிப்பெடுத்து, அக்குறிப்பைக் கூட்டத்தினர்க்கு அவர்தம் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவனும் எழுந்து நின்று, 'ஐயா, நீங்கள் கோடு போட்ட இடத்தில் ஆடி மாதத்தில் ஊற்று வெடிக்கும்' என்று சொன்னால், அஃது எழுத்தில் ஏற வேண்டும். ஏறியதற்கு விடை சொல்லாமல் கோப்பு நகரக் கூடாது. எழுத்தர் தொழிலில் இருப்பவருக்கு இதன் அருமை விளங்கும். வாயால் சொன்னது காற்றோடு போகும். குறிப்பில் ஏறியதை எவரும் எளிதில் விழுங்க முடியாது. இருப்புப்பாதைக்கு அளித்த விலக்கால் போனது இந்தக் கூட்டம். ஆய்வு அறிக்கையின் நானூறு பக்கம் போனதைப் பற்றி எமக்குப் பெருங்கவலை இல்லை.

கூட்டம் இல்லாவிடில் என்ன நிகழும் என்பதைக் கேரளம் அண்மையில் கண்டது. திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை ஏறத்தாழ 530 கிலோமீட்டருக்கு 'சில்வர்லைன்' என்ற விரைவுப் பாதை போட எண்ணினர். மதிப்பீடு 63,941 கோடி ரூபாய். இரயில் திட்டமாதலால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுவதில்லை என்ற நிலை இருந்தது. மக்களை அழைத்துப் பேசுமுன்னரே வயல்களிலும் வீட்டு முற்றங்களிலும் மஞ்சள் கற்கள் வந்து நின்றன. அடுப்பங்கரையின் அருகே நட்ட கல்லை வீட்டுப் பெண்கள் பிடுங்கி எறிந்தனர். 2022 மார்ச்சில் கோட்டயம் மாவட்டத்து மாடப்பள்ளியில் போலீசார் பெண்களை இழுத்துச் சென்ற காட்சியை நாடு முழுதும் பார்த்தது. மே மாதத்தில் கல் நடுவதையே நிறுத்தினர். மண்டபத்தில் நாற்காலி போட்டுக் கேட்க வேண்டியதை, முற்றத்தில் நின்று கேட்க நேர்ந்தது. அத்திட்டம் நல்லதா தீயதா என்பது வேறு செய்தி. நல்ல திட்டமாகவே இருந்தாலும் இப்படித் தொடங்கினால் அதற்கு நண்பர் எவரும் மிஞ்சார்.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பும் நமக்கு உதவுகிறது. சாலை முதலிய நீண்ட திட்டங்களுக்காகச் சாதாரண மண் எடுப்பதற்கு அனுமதி வேண்டா என்று 2020 மார்ச் 28ஆம் நாள் ஒரு விலக்கு வந்தது. நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்த வேளை அது. ஆட்சேபம் கேட்கவும் இல்லை. கேரளத்தார் ஒருவர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாதென்று தள்ளிற்று. எவ்வளவு மண், எங்கிருந்து, எத்தகைய திட்டத்திற்கு என்ற வரையறை ஏதுமின்றி அளித்த விலக்கு அரசியலமைப்பின் பதினான்காம் பிரிவுக்கு முரணானது என்பது தீர்ப்பின் சாரம். விலக்கே கூடாதென்று நீதிமன்றம் கூறவில்லை; கணக்கில்லாத விலக்கு கூடாதென்றது. எம் கருத்தும் அதுவே.

இப்போது நம்மவர் மனத்தில் உள்ள ஒன்றைத் திறந்து பேசிவிடுவது நல்லது. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைக் கேட்டாலே இம்மலையில் பலர்க்குச் சினம் பிறக்கிறது. 2011இல் காட்கில் குழு, 2013இல் கஸ்தூரிரங்கன் குழு என்று அறிக்கைகள் வந்தபோது, இடுக்கியில் கடையடைப்பும் ஊர்வலமுமாக இருந்தது. காட்டைக் காக்கிறோம் என்று நம்மைக் கீழே இறக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அன்று உண்மையான அச்சம். அச்சினத்தில் சிலர், 'ஆய்வே வேண்டா, இரயில் வந்தால் போதும்' என்று பேசுகின்றனர். அவர்களுக்கு யாம் ஒன்று கூறுவோம். அந்த அறிக்கைகளின் மேல் நமக்குள்ள குறையே, நம்மைக் கேளாமல் எழுதினார்கள் என்பதுதானே? கேளாமல் எழுதியதைக் கண்டித்துக் கடையடைத்தவர்கள், கேட்பதற்கென்று சட்டத்தில் உள்ள ஓர் இடத்தை வேண்டாவென்று தள்ளலாமா?

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமையால் செய்தியே மறுநாள்தான் வெளியே வந்தது. இரயிலும் சாலையும் அதற்குக் காரணமல்ல. ஆயினும் நாளை இம்மலையில் எந்தப் பாதைக்குக் கோடு போட்டாலும் அக்கோட்டின் கீழே ஒரு லயம் இருக்கும். அதில் எத்தனை உயிர் உறங்குகின்றன என்பது திண்டுக்கல்லிலோ எர்ணாகுளத்திலோ உள்ள வரைபடத்தில் இராது. எம் அலுவலகத்து அளவாய்வுப் படங்களை யாம் பார்த்திருக்கின்றோம். ஆற்றுக்கு ஒரு குறி உண்டு, பாறைக்கு ஒரு குறி உண்டு, கோயிலுக்கும் உண்டு.

ஆகவே யாம் கேட்பது இது. ஏற்கெனவே உள்ள பாதையை அகலப்படுத்தவும், மின்மயமாக்கவும், சமவெளியில் நிலையம் கட்டவும் விலக்கு இருந்துவிட்டுப் போகட்டும். போடிப் பாதைக்கு ஆய்வு வைத்திருந்தால் இன்னும் சில ஆண்டு நாம் பேருந்தில்தான் இடிபட்டிருப்போம். அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மலையில் புதிதாக மண் வெட்டும் பாதைக்கு விலக்கு வேண்டா. அறிக்கை நூறு பக்கமாகச் சுருங்கட்டும், ஆறு மாதம் என்று கெடுவும் வைக்கட்டும். கூட்டம் மட்டும் நடந்தாக வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி அடிவாரத்து லோயர் கேம்ப் வரை இருப்புப்பாதை வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. நம் சங்கத்தின் சார்பில் அதற்கான மனுவை இவ்வாண்டும் அனுப்ப இருக்கின்றோம். அம்மனுவில் மூன்று வரி சேர்க்கலாம் என்று செயற்குழுவினரிடம் யாம் வேண்டியுள்ளோம். பாதை மலையடிவாரத்தைத் தொடும் பகுதிக்குச் சட்டம் கேளாவிடினும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்க வேண்டும் என்பது முதல் வரி. அக்கூட்டத்திற்கு வரும் அறிக்கையின் சுருக்கம் எல்லைக்கு இப்பாலும் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. 2020ஆம் ஆண்டின் வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தபோது, மற்ற மொழிகளிலும் பெயர்த்துத் தருமாறு டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை இங்கு நினைவூட்டலாம். மூன்றாவது வரி, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும் என்பது. கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டங்களுக்கு வருபவர்கள் மற்றை நாட்களில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். கூலியை விட்டு வந்து எவரும் ஊற்று வெடிக்கும் இடத்தைக் காட்டமாட்டார்.

மனுவின் படி வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட விரும்புவோர் இடலாம், கைநாட்டும் ஏற்கப்படும்.